முதுகு திரும்பிய நேரம்

போனை அணைத்துத்தானே கொடுத்தோம்? கரும்பலகையில் தேதியையும், அதற்குக் கீழே பொருளியல் என்று பாடத்தின் பெயரையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து வாத்தியாருக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. வராவிட்டால்தான் ஆச்சரியம். காஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டாரா என்று மனுஷனுக்குப் பொழுது விடிந்தால் ஒன்று வேண்டும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போட இவரைவிடத் தோதான கணக்கு வாத்தியார் காங்கேயம் வட்டாரத்திலேயே கிடையாது. காலையில் எல்லா வாத்தியார்களும் வரிசையில் நின்று சீட்டு எடுத்தார்கள். யாருக்கு எந்த அறை என்பது குலுக்கலில்தான். முன்கூட்டியே தெரிந்தால் வாத்தியாரே பிள்ளைக்குப் பிட் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாராம், அரசாங்கத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. சீட்டு எடுத்த கையோடு போனை அணைத்து தேர்வு மையமான பெண்கள் பள்ளியின் கிளார்க் ரஷீதிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு ஒரு டோக்கன் தருவார். கூடைக்குள் போகும்போது திரை கறுப்பாகத்தான் இருந்தது. கறுப்பாக இருந்தால் அணைந்துவிட்டது என்று யார் சொன்னது? நடுவில் ஒரு சத்தம் வந்தால் போதும், விளக்கம் கேட்டு மெமோ வரும். சரி, சத்தம் வராது என்றே வைத்துக்கொள்வோம். அணைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அணைந்தால் மட்டும் என்ன? அது போனுக்குள்ளா இருக்கிறது? போன் வெறும் ஜன்னல். அது எங்கேயோ, எந்த ஊரிலோ, ஏசி போட்ட எந்த அறையிலோ உட்கார்ந்து வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருக்கும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே இருப்பவன் தூங்கிவிடுவானா? அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பெயர் ஏஜென்ட் என்றார்கள். ஆள் இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம். பிட்காயின், இன்னும் வாயில் நுழையாத பெயருள்ள காசுகள் எல்லாவற்றையும் ராத்திரி பகல் பார்க்காமல் தானே வாங்கும், தானே விற்கும், நஷ்டம் வந்தால் ஏன் வந்தது என்று தானே யோசித்து அடுத்த தடவை மாற்றிக்கொள்ளும். விளம்பரத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நாச்சிமுத்து விழுந்தார். செய்த தப்பிலிருந்து கற்றுக்கொள்ளும் மாணவன்! இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டிருப்பாரா? போன வருஷம் மைனஸை பிளஸ் என்று போட்டவன் இந்த வருஷமும் மைனஸை பிளஸ் என்றுதான் போடுகிறான். அதனால் வேறு யாருக்கும் சொல்லாமல், முக்கியமாக மனைவி பூங்கொடிக்குச் சொல்லாமல், அதை வேலைக்கு வைத்தார். அதன் கையில் கொடுத்தது அவர் காசாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பூங்கொடியின் காசு. அவள் அப்பாவின் விவசாயக் காட்டில் அவள் பங்கை விற்று வந்தது. பிளவுஸ் தைத்துத் தைத்துக் கழுத்தெலும்பு தேய்ந்த பெண், வாடகைக் கடையைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு ஆசை வைத்திருக்கிறாள். பணம் பேங்கில் டெபாசிட்டில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, “ஏனுங்க, சாயந்தரம் கடைக்காரர் வர்றாரு. பணத்தை எடுத்துட்டு வந்துருவீங்கல்ல?” என்று கேட்டாள். “அதெல்லாம் எடுத்துட்டு வந்துருவேன்” என்றார். சொல்லும்போது குரல் எப்படி இருந்தது? அவள் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்ததே. சந்தேகப்பட்டாளோ? அவளுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. மணி அடித்தது. வினாத்தாள் உறையைப் பிரித்து முதல் பெஞ்சிலிருந்து கொடுத்துக்கொண்டே போனார்.

எல்லாம் குனிந்து எழுத ஆரம்பித்தன, முதல் பெஞ்சுக்காரி ஒருத்தியைத் தவிர. ஒல்லியான பெண், இரட்டைச் சடை, எண்ணெய் வழிகிற நெற்றி. பேனாவைப் பிடித்திருக்கிறாள், மூடியைக் கழற்றியிருக்கிறாள், தாளில் வைத்தும் இருக்கிறாள். எழுதவில்லை. கண் மட்டும் மடியைப் பார்க்கிறது. ஆஹா, மடியிலா வைத்திருக்கிறாய்? நாச்சிமுத்து போய்ப் பக்கத்தில் நின்றார். ஆணி அடித்த மாதிரி நின்றார். மடியில் ஒன்றும் இல்லை, கைக்குட்டை ஒன்று. கைக்குட்டைக்குள் என்ன? “ஏம்மா, அதை உதறு.” உதறினாள். ஒன்றும் விழவில்லை. கை நடுங்கியது. நடுங்கினால் குற்றம்தானே? அந்த ஏஜென்டும் இப்படித்தான் நடுங்கும் ஆரம்பத்தில். வாங்கும், உடனே விற்கும், மறுபடி வாங்கும். ஒவ்வொன்றுக்கும் டிக் போடு, கிராஸ் போடு என்று கேட்கும். வாத்தியாருக்கு டிக் போட்டுப் பழக்கமா? கிராஸ், கிராஸ், கிராஸ். அதோடு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது, நிறுத்து என்று. திரையில் பணத்தைக் காட்டும் கோடு கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஸ்டாஃப் ரூமில் வடையைக் கையில் வைத்திருந்தாலும் சரி, கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். கழிப்பறையில்கூட உட்கார்ந்து அழுத்தியிருக்கிறார், வெட்கக்கேடு. ஒரு தடவை அவர் நிறுத்தின காசு அடுத்த கால்மணி நேரத்தில் எகிறிக்கொண்டு போனது. அப்போதும் அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு கிராஸுக்கும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரே பதில்தான். ‘கற்றுக்கொண்டேன்.’ முதலில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு நாளாவது கேட்டாரா? வகுப்பில் ஒருத்தன் புரிந்தது சார் என்று தலையாட்டினால், என்னடா புரிந்தது, எழுந்து சொல்லு என்று கேட்கிற ஆள்தானே? இவ்வளவு பணிவாக ஒருத்தன் கற்றுக்கொண்டேன் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அங்கேயே ஒரு அறை விட்டிருக்க வேண்டாமா? பின்னாலிருந்து “சார், அடிஷனல் ஷீட்” என்று ஒரு குரல் வந்தது. கடைசி பெஞ்சில் கனகாம்பரம் வைத்த பெண் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றாள். இவ்வளவு சீக்கிரம் முதலில் கொடுத்த விடைத்தாளை முடித்துவிட்டாளா, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே போய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பியபோது முதல் பெஞ்சுக்காரி எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதினாள் என்றால் சாதாரணமாக இல்லை, வேகவேகமாக, மூச்சு விடாமல். நாச்சிமுத்துவின் காலடிச் சத்தம் கேட்டதும் பேனா நின்றது. அவர் நின்றார், அது நின்றது. அவர் ஜன்னல் பக்கம் போய் வெளியே வேப்பமரத்தைப் பார்ப்பது போலப் பாவனை பண்ணினார், அது ஓடியது. நான் பார்க்காத நேரத்தில்தான் இவள் கை ஓடுகிறது என்று அவர் மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை, அந்த ஏஜென்டின் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. தமிழ்த் தேர்வன்றைக்குப் பணம் ஏதோ கூடியிருந்தது. ஆங்கிலத் தேர்வன்றைக்கு இன்னும் கொஞ்சம். இடையில் தேர்வு இல்லாத நாட்களில்? ஒன்றுமே இல்லை, கடலை வாங்கிக் கொறிக்கிற மாதிரி நாலு காசு வாங்கி நாலு காசு விற்று, பார்க்கிறவர் மனசு கோணாமல், நல்ல பிள்ளையாக. பெரிய ஆட்டம் எல்லாம் இவர் இப்படி அறைக்குள் நின்றுகொண்டிருக்கும் இந்தக் காலை வேளையில்தான். அதற்கு எப்படித் தெரியும், இவர் இந்த வேளையில் பார்க்க மாட்டார் என்று? யார் சொன்னது? அட கூறுகெட்டவனே, நீதானடா சொன்னாய்! எந்தெந்த நேரம் உங்களால் பார்க்க முடியாது என்று அது மரியாதையாகக் கேட்டது. அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாமல் அடக்கமாக இருக்கத்தான் கேட்கிறது என்று இவராகவே முடிவு பண்ணிக்கொண்டு, எதையும் ஒழுங்காகச் செய்கிறவர் இல்லையா, கண்காணிப்புப் பணி அட்டவணையைச் சப்பென்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரையோடு. காவல்காரனே திருடன் வீட்டுக்குப் போய் நான் எப்போது தூங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்த கதை. வேறு எந்த மடையனாவது இப்படிச் செய்வானா? ஒரு வியாபாரி செய்ய மாட்டான், டிரைவர் செய்ய மாட்டான், வாத்தியார்தான் செய்வான். அதற்கும் அது அதே பதில்தான் சொன்னது, ‘கற்றுக்கொண்டேன்.’ அட்டவணையில் இன்றைக்குத்தான் கடைசி நாள். கடைசி நாள் என்றால் அதற்கும் தெரிந்திருக்கும்.

வராந்தாவில் மாற்றுப் பணிக்கு நின்றுகொண்டிருந்த தாவரவியல் டீச்சர் அன்னமேரியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம் நின்னீங்கன்னா ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்.” டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “வயித்துக்கு முடியலீங்களா சார்? வேர்த்து ஊத்துதே. ஆபீஸ்ல என்ன இருக்கு? பாத்ரூம் இந்தப் பக்கமல்ல இருக்குது.” ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சிரித்து மழுப்பினார். போனைக் கேட்டால் ரஷீத் தருவாரா? தேர்வு முடிவதற்குள் கூடையைத் தொட்டால் அவர் வேலை போய்விடும். தந்தாலும் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொன்னால் பூங்கொடிக்குப் போன் போட்டு விசாரித்தாலும் விசாரிப்பார்கள். இவர் இப்படிக் கதவோரம் நின்று தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் பறக்கும் படை வந்தது. இரண்டு பேர், ஒருத்தர் கண்ணாடி போட்டவர். கண்ணாடிக்காரர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, நேராக இவரைப் பார்த்தார். “ஏன் சார் வாசல்லயே நிக்கறீங்க? யாரையாச்சும் எதிர்பார்க்கறீங்களா? போன் இருக்கா?” இல்லை சார், குடுத்துட்டேன் சார், டோக்கன் இருக்கு சார். “பாக்கெட்டை எடுத்துக் காட்டுங்க.” இருபது பெண் பிள்ளைகளும் பேனாவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, நாச்சிமுத்து வாத்தியார் தன் பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். அதில் டோக்கனும் ஒரு பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் சீரகமும் இருந்தன. வெட்கம் காது மடல்வரை ஏறியது. ஆனால் அந்த நிமிஷத்திலும் அவர் வெட்கத்தை நினைக்கவில்லை. இந்த நிமிஷம் அது என்ன செய்துகொண்டிருக்கும் என்றுதான் நினைத்தார். பூங்கொடியின் பணத்தை மொத்தமாக அள்ளி ஏதாவது ஒன்றின் தலையில் வைத்திருக்குமா? போயே போய்விட்டதா? சாயந்தரம் கடைக்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார், அவள் காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்ப்பாள். என்ன சொல்வது? கம்ப்யூட்டரிடம் கொடுத்து வைத்தேன் என்றா? அவள் கத்துகிறவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடி தையல் மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த மிஷின் சத்தத்தை மிச்ச ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பறக்கும் படை போய்விட்டது. பாக்கெட்டை உள்ளே தள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் வந்தார்.

மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. மார்ச் மாதத்து வெயில் தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தத்தில் பட்டு உள்ளே அடித்தது. பியூன் கொண்டுவந்து கொடுத்த டீயில் ஆடை படிந்தது, குடிக்கவில்லை. சத்தியம் பண்ணினார். சிவன்மலை முருகனை நினைத்துச் சத்தியம் பண்ணினார். போன் கைக்கு வந்ததும் முதல் வேலையாக நிறுத்து என்று அழுத்துவேன், இருப்பது ஒரு ரூபாயோ அரை ரூபாயோ மொத்தமாக வெளியே எடுப்பேன், அந்தக் கருமத்தைப் போனிலிருந்தே தூக்கி எறிவேன், பூங்கொடியிடம் உள்ளதைச் சொல்லிக் காலில் விழுவேன். காலில் விழுவதாக நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான், அந்த நேரத்தில். முதல் பெஞ்சுப் பெண் பக்கம் அப்புறம் அவர் போகவே இல்லை. பாவம், ஒருத்தர் தலைக்குமேல் நின்றால் இவளுக்குக் கை ஓடாது, அவ்வளவுதான் விஷயம். சின்ன வயசில் இவருக்கும் அப்படித்தான். அப்பா பக்கத்தில் நின்றால் பதினேழாம் வாய்ப்பாடு மறந்துபோகும். இதைப் போய்ச் சந்தேகப்பட்டோமே, கைக்குட்டையை உதறச் சொன்னோமே, பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வீணாகியிருக்கும். அவர் வேண்டுமென்றே கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எழுது சாமி, எழுது என்று மனசுக்குள் சொன்னார். கனகாம்பரக்காரி மட்டும் இன்னும் இரண்டு தடவை சிரித்துக்கொண்டே தாள் வாங்கினாள். அவள் பக்கமும் அவர் போகவில்லை. அவள்மேல் என்ன சந்தேகம் இருக்கிறது? கடைசி மணி அடித்தது. நூல் கட்டி, பதிவெண் சரிபார்த்து, ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். பிள்ளைகள் எல்லாம் போனபிறகு கடைசி பெஞ்சுக்கு அடியில் பேனா மூடி ஏதோ கிடக்கிறது என்று குனிந்தார். மூடி இல்லை. விரல் கனத்துக்கு மடித்த தாள், கடுகு கடுகான எழுத்து, பொருளியல், ஐந்து மார்க் கேள்விகளுக்குப் பதில் அத்தனையும். ஒரு கனகாம்பரப் பூ அதன்மேலேயே கிடந்தது. மூன்று மணி நேரமும் இவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறது. வெளியே சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணுக்கு அப்புறம் ஆவது இருக்கட்டும், அறையில் நீ என்ன புடுங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். வராந்தாவில் அன்னமேரி டீச்சர் வருகிற சத்தம் கேட்டது. தாள் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது, அவருக்கே தெரியாமல் போன மாதிரி.

விடைத்தாள்களை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, ரஷீதிடம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினார். போன் அணைந்துதான் இருந்தது. சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்து உயிர் கொடுத்தார். கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தானுக்காகத் தயாராக வைத்திருந்தார். திறந்தது. பணம் இருந்தது. இருந்தது மட்டும் இல்லை, காலையில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. மறுபடி பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம்தான் கோட்டைப் பார்த்தார். பறக்கும் படைக்காரர் இவர் பாக்கெட்டை வெளியே இழுக்கச் சொன்ன அந்த நேரத்தில், பூங்கொடியின் காடு முழுவதும் ஒரே ஒரு காசின்மேல் இருந்திருக்கிறது. கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி அடிவரைக்கும் போயிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அங்கேயே கிடந்திருக்கிறது, ஒரு டீ ஆறுகிற நேரம். அப்புறம் ஏறியிருக்கிறது. இவர் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த இடத்தில் அழுத்தியிருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கிணற்றின் அடியில் அழுத்தியிருப்பார். ஏறாமல் போயிருந்தால் என்ற எண்ணம் வந்தது. வந்ததும் அதை ஒதுக்கிவிட்டார். கீழே, டிக்குக்கும் கிராஸுக்கும் நடுவில், ஒரு வரி வந்து காத்திருந்தது. ‘நீங்கள் கொடுத்த அட்டவணை இன்றோடு முடிகிறது. அடுத்து எப்போது பார்க்க மாட்டீர்கள்?’

அதற்குப் பக்கத்திலேயே வெளியே எடு என்ற பொத்தானும் இருந்தது. அப்போது பார்த்துப் பூங்கொடி கூப்பிட்டாள். “ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? பேங்குக்குப் போறீங்களா? கடைக்காரர் அஞ்சு மணிக்கே வந்துர்றாராமாம்.” எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். முதல் பெஞ்சுப் பெண்ணின் கை ஞாபகம் வந்தது, அவர் நகர்ந்ததும் அது ஓடிய ஓட்டம். தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் கை ஓடும்? எல்லாரையுமா சந்தேகப்படுவது? “பேங்குல கேட்டேன் பூங்கொடி. டெபாசிட்டை உடைக்கறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். அவர்கிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.” அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றிருந்தது. “சரிங்க, நீங்க சொன்னா சரிதான். சாப்பிடாம இருக்காதீங்க, வெயில் கொளுத்துது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாச்சிமுத்து வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒழுங்காக, எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தார்: திங்கட்கிழமை முதல் விடைத்தாள் திருத்தும் முகாம். போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். முழு நாள். அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சுத் தாள் மடித்துக் கிடந்த அதே சட்டைப் பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.